டனல் டிரைவரில் தோல்விப் பாதையை முதலில் எழுதுங்கள்

லினக்ஸ் கெர்னலுக்குள் ஓடும் ஒரு டனல் டிரைவரைப் பராமரிப்பது என் வேலை. பாக்கெட்டின் மேல் வெளி ஹெடர் ஒன்றை ஒட்டி யுடிபியில் அனுப்பும். மறுமுனையில் அதை உரித்து எடுக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒட்டுவதையும் உரிப்பதையும் சீக்கிரமே எழுதிவிடுகிறார்கள். பிங் போய் வந்துவிடும். அதற்கப்புறம்தான் ரிவ்யூவில் நான் கேட்கத் தொடங்குவேன்: இங்கே மெமரி கிடைக்கவில்லை என்றால்? ரூட் இல்லை என்றால்? பாதி உருவான டிவைஸை யார் அழிப்பது? மூன்றும் ஒரே கேள்விதான். இந்த இடத்தில், இந்தப் பொருள் யார் கையில் இருக்கிறது?

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் வரிகளை முதலில் எழுதிவிட்டால் மற்றது சுலபம். நான் வேலை செய்யும் வரிசையை இங்கே சொல்கிறேன். உங்களுக்கு சி தெரியும், ஒரு மாட்யூலைக் கம்பைல் செய்து ஏற்றிய பழக்கம் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

கெர்னலுக்குள் போவதற்கு முன்

புரோட்டோகால் இன்னும் மாறிக்கொண்டிருந்தால் கெர்னல் பக்கம் வராதீர்கள். பாக்கெட்களை யூசர் புரோகிராமிடம் தரும் டன் டிவைஸைத் திறந்து, ஐஓசிடிஎல் (டிவைஸைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம் கால்) மூலம் ஒரு இன்டர்ஃபேஸைக் கட்டிக்கொண்டு, சாதாரண புரோகிராமில் ரீட், ரைட் செய்தாலே டனல் ஓடும். அங்கே புரோகிராம் செத்தால் கெர்னல் அதன் எல்லா ஃபைல் டிஸ்கிரிப்டர்களையும் மூடிவிடும். பெர்சிஸ்ட் என்று குறிக்காத டன் இன்டர்ஃபேஸும் கூடவே மறைந்துவிடும். கெர்னலுக்குள் அப்படித் துடைத்துவிட ஆள் கிடையாது. எடுத்ததை எடுத்தவர்தான் திருப்பித் தர வேண்டும்.

ஹெடர் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். ஐபிவி4 மேல் ஐபி-இன்-ஐபி என்றால் 20 பைட். ஜிஆர்இ என்றால் குறைந்தது 24. விஎக்ஸ்லான் என்றால் ஐபி 20, யுடிபி 8, தன் ஹெடர் 8, உள்ளே இருக்கும் ஈதர்நெட் ஹெடர் 14, ஆக 50. 2020 மார்ச்சில் 5.6 கெர்னலோடு உள்ளே வந்த வயர்கார்டு ஐபிவி4 மேல் 60 பைட்டும் ஐபிவி6 மேல் 80 பைட்டும் எடுத்துக்கொள்கிறது. அதன் எம்டியூ (ஒரே பாக்கெட்டில் அடங்கும் அதிகபட்ச பைட்) வழக்கமாக 1420 என்று இருப்பது 1500இலிருந்து அந்த 80 போனதால்தான். உங்கள் டனலுக்கு வரும் எண்ணைக் கொண்டு எம்டியூவையும் நீடட் ஹெட்ரூம் (ஹெடர் ஒட்டப் பாக்கெட்டின் முன்னால் விட வேண்டிய இடம்) என்ற ஃபீல்டையும் செட்டப் ஃபங்ஷனிலேயே வைத்துவிடுங்கள். ஹெட்ரூமை விட்டுவிட்டால், இடம் போதாத ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் புது பஃபர் ஒதுக்கிக் காப்பி செய்ய வேண்டிவரும். வேகம் குறைவது ஒரு பக்கம். மெமரி கிடைக்காமல் தோற்கும் இடம் ஒன்று தேவையில்லாமல் கூடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய குறை.

சோதனைக்கு ஒரு கியூஎமு மெய்நிகர் இயந்திரம் போதும். அதற்கான கெர்னலில் கேசான் (தவறாக மெமரி தொடுவதைப் பிடிப்பது), லாக்டெப் (லாக் வரிசைப் பிழையைப் பிடிப்பது), ஆர்சியூ (லாக் இல்லாமல் படிக்க விடும் ஏற்பாடு) சரிபார்ப்பு, கேமெம்லீக் (மெமரிக் கசிவைத் தேடுவது), ஃபால்ட் இன்ஜெக்‌ஷன், ஃபெயில்ஸ்லாப் (மெமரி ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கடிப்பது) எல்லாவற்றையும் இயக்கிக் கம்பைல் செய்யுங்கள். உள்ளே இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (தனித்தனி நெட்வொர்க் உலகங்கள்), நடுவே அவற்றை இணைக்கும் மெய்நிகர் கேபிளாக ஒரு விஇத் ஜோடி. டனலின் இரண்டு முனைகளும் ஒரே இயந்திரத்தில் இருப்பதால் எல்லாத் தடயமும் ஒரே லாகில் வந்து விழும். சீரியல் கன்சோலை ஒரு ஃபைலுக்குத் திருப்பி வையுங்கள். நெட்வொர்க் வழியாக லாக் அனுப்பும் நெட்கன்சோல் நல்ல கருவிதான்; ஆனால் நாம் உடைத்துப் பார்ப்பதே நெட்வொர்க் பகுதியைத்தான், இங்கே அதை நம்ப முடியாது.

டிவைஸை உருவாக்கும் பாதை

ஒரு டனல் டிவைஸ் எழுந்து நிற்க வழக்கமாக இவை வேண்டும்: ஒவ்வொரு சிபியூவுக்கும் புள்ளிவிவர இடம், ரூட்டை நினைவில் வைக்கும் டிஎஸ்டி கேஷ், பாக்கெட்களைச் சேர்த்து மேலே அனுப்பும் ஜிஆர்ஓ செல்கள், அப்புறம் ஒரு யுடிபி சாக்கெட். முதல் மூன்றையும் பழைய கெர்னல்களில் பொதுவான ஐபி டனல் கோடு தன் இனிட் ஃபங்ஷனில் இதே வரிசையில்தான் எடுத்தது. இரண்டாவது தோற்றால் முதலாவதை விடுவித்தது. மூன்றாவது தோற்றால் இரண்டாவதையும் முதலாவதையும் விடுவித்தது. சிறிய ஃபங்ஷன்தான், ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

நான் எழுதும்போது முதலில் ஃபங்ஷனின் அடிப்பகுதியைத்தான் எழுதுவேன். கடைசியில் எடுத்தது முதலில் போகும்படி, விடுவிக்கும் வரிகள் தலைகீழ் வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள். பிறகு மேலே வந்து எடுக்கும் வரிகளை எழுதி, ஒவ்வொன்றும் தோற்றால் எந்த லேபிளுக்கு கோட்டூ போட வேண்டும் என்று இணைப்பேன். லேபிளுக்கு எரர் ஒன்று, எரர் இரண்டு என்று பெயர் வைக்காதீர்கள். நடுவில் ஒரு படி புதிதாக நுழைந்ததும் அந்த எண்கள் பொய்யாகிவிடும். ‘கேஷை அழி’, ‘புள்ளிவிவரத்தை விடு’ என்று அங்கே நடக்கும் வேலையே பெயராக இருந்தால், கோட்டூ வரியைப் படிக்கும்போதே அது சரியா தப்பா என்று தெரிந்துவிடும்.

எரர் பாயின்டரில் கவனம் வேண்டும். ஐபிவி4 ரூட் தேடும் ஃபங்ஷன்கள் தோற்றால் நல் (NULL) தருவதில்லை. எரர் எண்ணையே பாயின்டராக மாற்றித் தருகின்றன. முகவரிப் பரப்பின் உச்சியில் உள்ள கடைசி 4095 மதிப்புகள் இதற்காக ஒதுக்கப்பட்டவை. ‘நல்’தானா என்று மட்டும் பார்த்தால் எரர் பாயின்டர் நல்ல பாயின்டர் போலத் தாண்டிப் போய்விடும். மறுபக்கமும் உண்டு: எரரா என்று பார்க்கும் மேக்ரோவிடம் நல் பாயின்டரைக் கொடுத்தால் அது எரர் இல்லை என்றுதான் சொல்லும். எந்த ஃபங்ஷன் எதைத் தருகிறது என்று மூலத்தைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சரி, உரிமை நம் கையிலிருந்து நழுவும் இடங்களுக்கு வருவோம். ஐபி லிங்க் ஆட் என்ற கட்டளை வரும்போது டிவைஸை ஒதுக்குவது, நெட்வொர்க் கட்டளைகளைக் கெர்னலில் வாங்கும் ரூட் நெட்லிங்க் பகுதி. நம் நியூலிங்க் ஃபங்ஷன் அதை நிரப்பிப் பதிவு செய்கிறது. நியூலிங்க் எரர் திருப்பினால் அந்த டிவைஸை விடுவிப்பது ஒதுக்கியவரே. நாம் நல்ல எண்ணத்தில் நம் லேபிளிலும் விடுவித்தால் இரட்டை விடுவிப்பு. அடுத்தது பதிவு செய்யும் ஃபங்ஷன். நம் இனிட் வெற்றி பெற்று, அதற்குப் பிறகு பதிவின் வேறொரு படி தோற்றால், நம் அன்இனிட்டையும் பிரைவேட் டிஸ்ட்ரக்டரையும் நெட்வொர்க் மையக் கோடே அழைத்துவிடும். பதிவு தோற்றதே என்று நாமும் அதே பொருள்களை விடுவிக்கப் போனால் மறுபடி இரட்டை விடுவிப்பு. இந்த ஏற்பாடு 2017இல் 4.12 கெர்னலில் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பழைய டிரைவரைப் பார்த்துக் காப்பி செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். என் பழக்கம் இது: இனிட்டில் எடுத்தது எல்லாம் அன்இனிட்டிலோ டிஸ்ட்ரக்டரிலோ மட்டும் போகும், நியூலிங்க்கில் எடுத்தது நியூலிங்க்கின் லேபிளில் போகும். இரண்டையும் கலப்பதில்லை.

எழுதியதை நம்பாதீர்கள், தோற்கடித்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்துபார்ப்பீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கெர்னலில் ஃபெயில்-என்த் என்றொரு வசதி உண்டு. ப்ராக் கோப்பகத்தில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அந்தப் பெயரில் ஒரு ஃபைல் இருக்கும். அதில் 1 என்று எழுதினால் அந்த த்ரெட் அடுத்துச் செய்யும் முதல் ஒதுக்கீடு தோற்கும். 2 என்றால் இரண்டாவது தோற்கும். பிறகு அதே ஃபைலைப் படித்தால், 0 வந்தால் தோல்வி நடந்துவிட்டது, மிச்சம் ஏதாவது எண் வந்தால் அத்தனை ஒதுக்கீடு வரை போகவே இல்லை என்று பொருள்.

டிவைஸ் உருவாக்கும் நெட்லிங்க் வேலை, கட்டளை அனுப்பிய த்ரெட்டிலேயே நடக்கிறது. அதனால் இந்த வசதி நமக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது. சின்னதாக ஒரு சி புரோகிராம் எழுதுங்கள்: எண்ணை ஃபைலில் எழுது, நெட்லிங்க் செய்தியை அனுப்பு, விடையைப் பார், ஃபைலைப் படி. எண்ணை 1இலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், தோல்வி எதுவும் நடக்காமல் டிவைஸ் உருவாகும்போது நிறுத்துங்கள். அந்தப் பாதையில் அடிபடக்கூடிய ஒவ்வொரு ஒதுக்கீடும் ஒருமுறை தோற்றிருக்கும். ஆனால் அதற்கு முன் டீபக்எஃப்எஸ்ஸில் ஃபெயில்ஸ்லாப்பின் கீழ் இருக்கும் இக்னோர் ஜிஎஃப்பி வெயிட் என்பதை ‘என்’ (N) ஆக்குங்கள். அது ‘ஒய்’ (Y) என்றே வரும். அப்படியே விட்டால் தூங்கக்கூடிய ஒதுக்கீடுகள், அதாவது டிவைஸ் உருவாக்கத்தில் பெரும்பான்மை, தோற்கவே செய்யாது. எல்லாம் பாஸ் என்று ஏமாந்துபோவோம்.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நான் பார்ப்பவை: லாகில் கேசானோ வார்னிங்கோ இருக்கிறதா, டிவைஸ் பட்டியலில் பாதி உருவான பெயர் தெரிகிறதா, கேமெம்லீக் ஸ்கேனில் ஏதாவது சிக்குகிறதா. அப்புறம் முக்கியமான ஒன்று. தோல்வி எதுவும் திணிக்காமல், அதே பெயரில், அதே யுடிபி போர்ட்டில் டிவைஸை உடனே மறுபடி உருவாக்கிப் பாருங்கள். முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று எரர் வந்தால் சாக்கெட்டை எங்கோ மூடாமல் விட்டிருக்கிறீர்கள். கேமெம்லீக் இதைக் காட்டாது. அந்தச் சாக்கெட்டை இன்னும் ஒரு ஹாஷ் டேபிள் பிடித்துக்கொண்டிருப்பதால் அதன் கண்ணுக்கு அது கசிவே இல்லை.

அனுப்பும் பாதை

பாக்கெட்டை அனுப்பச் சொல்லிக் கெர்னல் அழைக்கும் ஸ்டார்ட் எக்ஸ்மிட் ஃபங்ஷனின் ஒப்பந்தம் எளிது. டிஎக்ஸ் ஓகே என்று திருப்பினால் எஸ்கேபியை (பாக்கெட்டைச் சுமக்கும் கெர்னல் பஃபர்) நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்; அனுப்பினீர்களா வீசினீர்களா என்பது உங்கள் பாடு. டிஎக்ஸ் பிஸி என்று திருப்பினால் அது இன்னும் அழைத்தவருடையது. டனலில் பிஸிக்கு வேலையே இல்லை. எது தோற்றாலும் பாக்கெட்டை வீசி, எரர் கவுன்டரை ஏற்றி, ஓகே என்றே திரும்புங்கள். எரர் எண்ணைத் திருப்ப வேண்டும் போல இருக்கும், வேண்டாம்.

உள்ளே அழைக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனித்தனி ஒப்பந்தம் இருப்பதுதான் இந்தப் பாதையின் கஷ்டம். ஹெட்ரூம் கேட்கும் எஸ்கேபி கௌ ஹெட் தோற்றால் எஸ்கேபி நம் கையிலேயே இருக்கிறது, நாம்தான் வீச வேண்டும். எஸ்கேபி ஷேர் செக் தோற்றால் அதுவே பழையதை விடுவித்துவிட்டு நல் தருகிறது. நாம் மறுபடி தொடக் கூடாது. ஐபி லோக்கல் அவுட்டோ டெவ் க்யூ எக்ஸ்மிட்டோ என்ன திருப்பினாலும் எஸ்கேபி போய்விட்டது. அதன் நீளத்தைப் புள்ளிவிவரத்தில் சேர்க்க வேண்டுமானால் அழைப்பதற்கு முன்பே ஒரு வேரியபிளில் எடுத்து வையுங்கள். இப்படி ஒவ்வொரு அழைப்புக்கும் பக்கத்தில், தோற்றால் யாருடையது என்று ஒரு சொல் கமென்ட் எழுதச் சொல்வேன். ரிவ்யூ செய்பவருக்கு அந்தக் கமென்ட்தான் வரைபடம்.

ஹெட்ரூம் கேட்ட பிறகு உள் ஐபி ஹெடரின் பழைய பாயின்டரைப் பயன்படுத்தாதீர்கள். பஃபர் இடம் மாறியிருக்கலாம். பாயின்டரை மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும். இடம் மாறுவது எப்போதாவதுதான் என்பதால் சாதாரணச் சோதனையில் இது தப்பித்துவிடும். கேசான் இருந்தால் மாட்டும்.

ரூட் கிடைத்ததும், அது நம் டனல் டிவைஸ் வழியாகவே போகச் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் ரூட்டின் ரெஃபரன்ஸை விட்டுவிட்டு, கொலிஷன் கவுன்டரை ஏற்றி, பாக்கெட்டை வீசுங்கள். ஒரே டிவைஸுக்குள் சுற்றும் சுழலுக்கு இது போதும். இரண்டு டனல்கள் ஒன்றையொன்று வெளிப்பாதையாகக் காட்டினால் இந்தச் சோதனை பிடிக்காது. கெர்னலின் ஆழ எல்லை பிடித்து, டெட் லூப் ஆன் விர்ச்சுவல் டிவைஸ் என்று லாகில் கத்தும். அந்த வரியைக் கண்டால் முதலில் ரூட்டிங் டேபிளைப் பாருங்கள்.

வீசுவதிலும் இரண்டு வகை. கேஃப்ரீ எஸ்கேபி என்றால் இழப்பு. அது ட்ரேஸ்பாயின்டில் (கெர்னலின் கண்காணிப்புப் புள்ளி) பதிவாகும். கன்ஸ்யூம் எஸ்கேபி என்றால் வேலை முடிந்து விடுவித்தது. இரண்டையும் மாற்றிப் போட்டால் டிரைவர் ஓடும்தான். ஆனால் பாக்கெட் எங்கே தொலைகிறது என்று பிற்பாடு தேடுகிறவர் தவறான திசையில் போவார். 5.17 கெர்னலிலிருந்து காரணத்தையும் சேர்த்துக் கொடுக்கும் வடிவம் இருக்கிறது. புதிய கோட் என்றால் அதையே பயன்படுத்துங்கள்.

வாங்கும் பாதையில் ஒரு பொறி

யுடிபி சாக்கெட்டில் நாம் மாட்டும் என்கேப் ஆர்சிவி ஃபங்ஷன் திருப்பும் எண்ணுக்கு வேறு அர்த்தம். 0 என்றால் எஸ்கேபியை நான் எடுத்துக்கொண்டேன். நேர்ம எண் என்றால் இது எனக்கு வேண்டாம், சாதாரண யுடிபி பாக்கெட்டாகவே நடத்து. எதிர்ம எண் என்றால், அந்த எண்ணை ஐபி புரோட்டோகால் எண்ணாகக் கொண்டு இதை மறுபடி செலுத்து! மெமரி இல்லை என்ற எரரின் மதிப்பு 12. பழக்க தோஷத்தில் எஸ்கேபியை விடுவித்துவிட்டு மைனஸ் 12ஐத் திருப்பினால், விடுவித்த எஸ்கேபியை எடுத்துக்கொண்டு 12ஆம் புரோட்டோகாலின் ஹேண்ட்லரைத் தேடக் கெர்னல் கிளம்பிவிடும். டனல் கோடில் நான் மிகக் கவனமாகப் படிக்கும் ஃபங்ஷன் இதுதான். எரரானாலும் வீசிவிட்டு 0 திருப்புங்கள்.

மற்றது வழக்கமான ஒழுங்கு. ஹெடரைத் தொடுவதற்கு முன் அத்தனை பைட் இருக்கிறதா என்று பிஎஸ்கேபி மே புல் மூலம் உறுதி செய்யுங்கள். அதற்கு அப்புறமும் பாயின்டரை மறுபடி எடுக்க வேண்டும். உள்ளே எழுதியிருக்கும் நீளத்தை எஸ்கேபியின் உண்மை நீளத்தோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள்.

நடுவழியில் எரர் சொல்லி வரும் ஐசிஎம்பி

வெளிப் பாக்கெட் எங்கோ தொலைந்தால், வழியில் உள்ள ரூட்டர் ஐசிஎம்பி அனுப்பும். அதில் நம் வெளி ஐபி ஹெடரும், அதற்குப் பின் குறைந்தது 8 பைட்டும் இருக்கும் என்பதுதான் ஐபிவி4இன் உத்தரவாதம். யுடிபி ஹெடரே 8 பைட். ஆகவே டனல் அடையாள எண் அதில் இல்லாமலே போகலாம். போர்ட்டையும் முகவரியையும் கொண்டே டனலைக் கண்டுபிடிக்கும்படி எழுதுங்கள். ஐசிஎம்பியை யாரும் போலியாக அனுப்பலாம் என்பதால், அதைக் கண்டதும் டனலை இறக்கிவிடக் கூடாது. கெர்னலின் ஐபி டனல் கோடு செய்வது நல்ல முன்மாதிரி: எரர் வந்ததை எண்ணிக்கையாகக் குறித்துக்கொள்கிறது. 30 விநாடிக்குள் உள்ளிருந்து அடுத்த பாக்கெட் வந்தால் இணைப்பு இல்லை என்று அனுப்பியவருக்குத் தெரிவித்து எண்ணிக்கையைக் குறைக்கிறது. அந்த நேரம் கடந்துவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. பாதை தானாகத் திரும்பினால் டனலும் தானாகத் திரும்பும். அட்மின் கை வைக்க வேண்டியதில்லை.

கலைக்கும் வரிசை

டிவைஸை நீக்கும்போது முதலில் புது வேலை உள்ளே வருவதை அடைத்துவிடுங்கள்: சாக்கெட்டைக் காட்டும் ஆர்சியூ பாயின்டரை நல் ஆக்குங்கள். பிறகு சிங்க்ரனைஸ் நெட். அது திரும்பி வந்தால் பழைய பாயின்டரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் யாரும் இல்லை. அதன்பின் சாக்கெட்டை விடுவித்து, டைமர்களையும் ஒர்க் க்யூ வேலைகளையும் காத்திருந்து நிறுத்தும் வடிவத்தில் ரத்து செய்யுங்கள். டைமர் ஒர்க்கை எழுப்பி, ஒர்க் டைமரை மறுபடி ஏற்றும் கோடு என்றால், இனி ஏற்றாதே என்று ஒரு கொடியை முதலில் உயர்த்திய பிறகே ரத்து செய்ய வேண்டும். கடைசியாக, வரிசையில் தேங்கிய எஸ்கேபிகள், பிறகு மெமரி. கால் ஆர்சியூ (பிற்பாடு ஒரு கால்பேக்கை அழைக்கச் சொல்வது) பயன்படுத்தினால் மாட்யூல் எக்ஸிட்டில் ஆர்சியூ பேரியர் (பாக்கிக் கால்பேக்குகள் முடியக் காத்திருப்பது) கட்டாயம். இல்லாவிட்டால் மாட்யூல் இறங்கிய பிறகு அதன் ஃபங்ஷனை அழைக்க ஒரு கால்பேக் பாக்கியிருக்கும்.

டிவைஸ் விடுபடக் காத்திருக்கிறேன், யூசேஜ் கவுன்ட் இத்தனை என்று லாகில் 10 விநாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தால், யாரோ ரெஃபரன்ஸைத் திருப்பித் தரவில்லை. வெளிப்பாதை டிவைஸை டனல் பிடித்து வைத்திருந்தால், அந்த டிவைஸ் நீங்குகிறது என்ற நோட்டிஃபையர் செய்தியிலேயே கையை விட வேண்டும். 5.17இலிருந்து ரெஃபரன்ஸ் ட்ராக்கர் இருக்கிறது. அதை இயக்கி, ட்ராக்கர் ஏற்கும் வடிவத்தில் பிடித்தும் விட்டும் எழுதினால் எந்த இடத்தில் பிடித்தது விடப்படவில்லை என்று ஸ்டாக்கோடு சொல்லும். இது வருவதற்கு முன் இந்தக் கசிவைத் தேடுவது பெரும்பாடு.

ஊப்ஸ் வந்தால்

ஊப்ஸ் என்பது கெர்னல் தனக்குள் நேர்ந்த பிழையைக் கண்டு லாகில் கொட்டும் அறிக்கை. அதை வேண்டுமென்றே எழுப்பும் பக் ஆன் மேக்ரோவை எழுதாதீர்கள். எதிர்பாராத நிலை என்றால் ஒருமுறை எச்சரிக்கை மட்டும் தரும் வார்ன் ஆன் ஒன்ஸ் போட்டுவிட்டு எரர் திருப்புங்கள். ஊப்ஸ் வந்த த்ரெட்டைக் கெர்னல் கொல்லும். அது பிடித்திருந்த லாக்கை விடுவிக்காது. டிவைஸ் உருவாக்கமும் நீக்கமும் ஆர்டிஎன்எல் என்ற பொது நெட்வொர்க் லாக்கின் கீழ் நடப்பதால், அங்கே ஊப்ஸ் வந்தால் அதற்குப்பின் அந்த லாக்கைக் கேட்கும் ஐபி கட்டளைகள் டி நிலையில் (கொல்லவும் முடியாத காத்திருப்பு) தொங்கும். பாக்கெட் வாங்கும் பாதையில், சாஃப்ட் ஐஆர்க்யூவில் (இன்டரப்ட் சூழல்) வந்தால் நேரே பேனிக், அதாவது இயந்திரமே நின்றுவிடும். ஊப்ஸில் தொங்கிப்போன ரெஃபரன்ஸ்கள் திரும்புவதில்லை என்பதால்தான் 6.2 கெர்னலில் ஊப்ஸ் எண்ணிக்கைக்கே 10000 என்று ஒரு எல்லை வைத்தார்கள். எனவே சோதனை இயந்திரத்தில் பேனிக் ஆன் ஊப்ஸை 1 ஆக்கி, முதல் ஊப்ஸிலேயே நிற்க வையுங்கள். இரண்டாவது ஊப்ஸ் பெரும்பாலும் முதலாவதின் எதிரொலி. அதை ஆராய்வது நேர விரயம்.

லாகைப் படிக்கும்போது கேசான் தரும் மூன்று ஸ்டாக்குகளில் நான் முதலில் பார்ப்பது விடுவித்த ஸ்டாக். தொட்ட இடம் பெரும்பாலும் நிரபராதி. இரண்டாம் முறை விடுவித்ததும் சீக்கிரம் விடுவித்ததும்தான் குற்றவாளி. கேசான் இல்லாத, ஸ்லப் டீபக் மட்டும் இயங்கும் கெர்னல் என்றால் ரெஜிஸ்டர்களில் 6பி6பி6பி என்ற வரிசை தெரிகிறதா பாருங்கள். விடுவித்த மெமரியை ஸ்லப் அந்த மதிப்பால்தான் நிரப்புகிறது. கெர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்பகத்தில் உள்ள டீகோட் ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்ட்டில் லாகைச் செலுத்தினால் ஃபங்ஷன் பெயர்கள் ஃபைலும் வரி எண்ணுமாக மாறிவிடும். அந்த வரி எண்ணோடு உங்கள் கமென்ட்களுக்குப் போங்கள். தோற்றால் யாருடையது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதையும் கோடு உண்மையில் செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சரிசெய்த பின், அந்தத் தோல்வியை வரவழைத்த ஃபெயில்-என்த் எண்ணை மட்டும் ஓட்டி நிறுத்திவிடாமல் 1இலிருந்து முழுச் சுற்றையும் மறுபடி ஓட்டுங்கள். ஒரு லேபிளை நகர்த்தினால் அதற்குக் கீழே உள்ள எல்லாப் பாதைகளும் மாறியிருக்கும்.